சீலன் வீட்டுத் துரு

ஜெயசீலன் இறந்த செய்தி வந்தபோது நான் தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் பேஸ் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய மச்சான் போனில் இரண்டே வார்த்தை சொன்னான். கல்யாண வீட்டில் சாவுச் செய்தி பேசக் கூடாது என்று, குழுவில் உங்கள் யாரிடமும் மூச்சு விடாமல் வரவேற்பு முடியும்வரை வாசித்தேன். அதற்காக உங்களில் சிலர் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள். இருங்கள். இன்னும் பெரிதாகக் கோபப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

சீலன் பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, முகூர்த்த நாட்களில் நம் மெல்லிசைக் குழுவின் லீட் கிட்டார். கிட்டார் சத்தத்தைக் கரகரக்கவும் எதிரொலிக்கவும் வைக்கும் பெடல்களைக் கடையில் வாங்க அவனுக்கு மனசு வராது. தானே செய்வான். மின்சுற்று வரைபடத்தைப் பளபளப்பான தாளில் அச்செடுத்து, செம்பு பூசிய தகட்டின்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பான். மை ஒட்டிக்கொள்ளும். தகட்டைத் திராவகத்தில் போட்டால் மை இல்லாத இடத்துச் செம்பு கரைந்து சர்க்யூட் போர்டு வந்துவிடும். உங்கள் காலடியில் இருக்கும் பெடல்களில் பாதி அப்படி வந்தவை.

அச்செடுப்பது என் வேலை, என் ஆபீஸ் பிரிண்டரில். படத்தை இடம் வலமாகத் திருப்பி எடுக்க வேண்டும். ஒருமுறை மறந்துவிட்டேன். போர்டு முழுக்கக் கரைத்து, துளையும் போட்ட பிறகுதான் தெரிந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சீலன் ஐசி சில்லின் கால்களை எதிர்ப்பக்கம் மடக்கி, மல்லாக்கப் படுக்கவைத்துப் பற்றவைத்தான். "தப்பப் பத்தியே பேசிக்கினு இருந்தா போர்டு ரெடியாவாது மச்சி" என்றான். அந்தப் பெடல் இன்றைக்கும் வேலை செய்கிறது.

அப்போதெல்லாம் அவன் ஃபெரிக் குளோரைடில்தான் கரைப்பான். அது பாத்ரூம் தரையெல்லாம் பழுப்புக் கறை போடும். வீட்டுக்காரரும் திட்டினார், அவன் மனைவி ரோஸ்லினும் திட்டினாள். நான் இணையத்தில் தேடி வேறு வழி கண்டுபிடித்துச் சொன்னேன். கக்கூஸ் கழுவும் ஆசிட், கூடவே பெராக்சைடு. கறையே கிடையாது, ஐந்து நிமிஷத்தில் செம்பு கரைந்து நீர் பச்சையாகிவிடும். பெரிய விஞ்ஞானி மாதிரி அவன் வீட்டில் நின்று அதைக் கலந்து காட்டியவன் நான்.

சில மாதங்களில் அந்த வீட்டில் இரும்பெல்லாம் துருப்பிடிக்க ஆரம்பித்தது. முதலில் பாத்ரூம் கீல், பிறகு கத்திரிக்கோல், ஊக்கு, சாவிக்கொத்து. புதுக் கம்பி மாட்டிய கிட்டார் ஒரே வாரத்தில் விரலைக் கீறியது. கேட்டால், கடல் காத்துடா, சாந்தோம்ல இரும்பு எத்தினி நாள் தாங்கும் என்பான். நாம் எல்லோருமே அதற்குத் தலையாட்டினோம். ஆனால் என் வீடு கடலுக்கு அவன் வீட்டைவிடப் பக்கம். என் வீட்டுக் கீல் அப்படியேதான் இருந்தது. கடல் காற்று இல்லை, அந்த ஆசிட் புகைதான் என்று எனக்கு அப்போதே உறைத்தது.

பக்கத்து வீட்டில் நெடி அடிக்கிறது என்றதும் அவன் பாத்ரூம் ஜன்னலை அட்டை வைத்து அடைத்தான். அதற்குப் பிறகுதான் இருமல். முதலில் கோரஸ் பாடுவதை நிறுத்தினான். அப்புறம் பாட்டுக்குப் பாட்டு திரும்பி நின்று இருமினான். மண்டபத்து ஏசியைத் திட்டினோம்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். கெமிக்கல் எதிலாவது புழங்குகிறீர்களா என்று டாக்டர் நேராகவே கேட்டார். ஆபீஸ் வேலைதான் சார் என்றான் சீலன். அவன் பொய் சொல்லவில்லை. பெடல் செய்வதை அவன் வேலையாக நினைத்ததே இல்லை. டாக்டர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். சொன்னால், அந்தக் கலவையைக் கற்றுக்கொடுத்தது யார் என்பதும் வெளியே வருமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. வேறு எந்தக் காரணமும் இல்லை. வெளியே வந்ததும் அவன் என் தோளில் கை போட்டு டீ குடிக்கக் கூப்பிட்டான்.

சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்குப் போனோம். நீங்களெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பியதும் ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசித் தட்டை வைத்துவிட்டு, "அன்னிக்கே அந்த டாக்டராண்ட சொல்லியிருந்தா, இன்னா ஆயிருக்கும் பாபுண்ணே?" என்றாள். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். கொஞ்ச நேரம் ஆகியும் அது நிற்கவில்லை.

எத்தனை நாளாக என்று கேட்டேன். "அவரு படுத்ததுக்கு முன்னாலயே கீது" என்றாள்.

உங்களில் இரண்டு பேர் அவனிடம் கற்றுக்கொண்டு இதே கலவையை வீட்டில் வைத்திருக்கிறீர்கள். ஜன்னல் இல்லாத அறைகளில். நிறுத்துங்கள். அவன் மகா கெட்டிக்காரன், நம் எல்லோரையும்விட நல்ல காது, அவனுக்கே இப்படி.

அவனுடைய கிட்டாரை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ரோஸ்லின், நான் எடுக்கவில்லை. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவள் கேட்ட கேள்வியைத்தான். திங்கட்கிழமை அவளை அதே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவர் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுவேன்.