எண்ணெய் பூசாத பேய்

ஆல்பன் அண்ணன் குவாவ் என்ற கடலோர ஊரில் பஸ் மெக்கானிக். இஞ்சினிலிருந்து வடித்த கழிவெண்ணெயை யாருக்கும் தரமாட்டான். கார்னிவல் திருவிழா விடியலில் அதை உடம்பெல்லாம் பூசி, தலையில் மாட்டுக் கொம்பு கட்டி, சங்கூதிக்கொண்டு பேய் வேஷக் கூட்டத்துக்கு முன்னால் நடப்பான். அப்பா நடந்த இடம் அது. ஒரு வாரம் கழித்தும் காது மடிப்பில் கறுப்பு ஒட்டியிருக்கும். வேண்டுமென்றே அப்படியே கடைத்தெருவுக்குப் போவான். இப்போது நினைத்தாலும் அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறுகிறது.

எண்ணெயை எடுக்க மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும்தான். மெர்ல் அண்ணி தேய்க்கத் தேய்க்க அண்ணன் அலறுவான். அப்புறம் தொடையெல்லாம் சிவந்த கொப்புளம் கிளம்பும். ஒரு தடவை அது சீழ் பிடித்து, உட்காரவே முடியவில்லை.

"வேர்க்குருதான்டி."

"உட்கார விடாத வேர்க்குருவா? கிளம்புங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்தாள். "முடி மொளைக்கிற துவாரமெல்லாம் எண்ணெயில அடைச்சிருக்கு, அண்ணே. அதுக்கு மேல நாரைப் போட்டு உரசியிருக்கீங்க. கிருமி உள்ள போயிருச்சு. கிள்ளிராதீங்க. வெந்நித் துணியில ஒத்தடம் குடுங்க, இந்த மருந்தைப் போடுங்க, துண்டு தனியா வச்சுக்குங்க. வேலையில எண்ணெய் பட்ட துணிய உடனே மாத்தணும்."

"கார்னிவல்ல?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை.

கொப்புளம் ஆறியது. ஆனால் அடுத்த கார்னிவல் நெருங்க நெருங்க அண்ணன் பேச்சைக் குறைத்தான். முன்னால் நடக்கும் இடத்தைக் கூட்டாளி கிளீட்டஸுக்கே விட்டுவிடுவதாகச் சொன்னான்.

"எண்ணெய் இல்லாத பேய் ஏதுடி?"

"உங்க தாத்தா காலத்துல பஸ் ஏது, இஞ்சின் ஏது? அவரு எதைப் பூசினாரு? கரும்புப் பாகுதானே!"

அண்ணி கரும்புப் பாகில் கரித்தூளைக் குழைத்து, முதலில் அவன் முழங்கையில் மட்டும் தடவிப் பார்த்தாள். மறுநாளும் தோல் சும்மா இருந்தது.

கார்னிவல் விடியலில் கிளீட்டஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், எறும்பு உன்னத் தூக்கிட்டுப் போயிரும்!"

"தூக்கட்டும்டா. கால் வலி மிச்சம்."

முன்னால் அண்ணன்தான் நடந்தான். வெயில் ஏறியதும் கடலில் இறங்கினான். தேய்க்காமலே பாகு கரைந்தது. கரைக்கு வந்தவனைக் குனியவைத்து, அண்ணி தொடையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"அடியே, ஊரே பாக்குது."

"பாக்கட்டும். அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினான்.