முனீஸ்வரனின் இடது கால்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணியம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பச்சையம்மன் கோயிலில், சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் கூடி நின்று பார்க்க, என் பெயர் கெட இருந்தது. கெட்டதா இல்லையா என்பதை நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆம்பூரில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை பார்த்து, பிறகு செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, இன்று சொந்தமாக ஷூ கம்பெனி வைத்திருக்கிறேன். நாங்கள் தைக்கும் ஷூ கப்பலேறிப் போய் வெள்ளைக்காரன் காலில் ஏறுகிறது. பெருமை அடிக்கிறான் என்பீர்கள். பெருமைதான். அடித்துக்கொள்ள எனக்குத் தகுதி இருக்கிறது. தெருமுனையில் ஒருவர் நடந்து வந்தால் போதும், அவர் கால் அளவை இங்கிருந்தே சொல்லிவிடுவேன். யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. சாமியிடமும்தான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. தொட்டி வேலை பார்த்த வயதில், ஒரு கிருத்திகைக்குக் கோயில் வரிசையில் நின்றேன். நன்றாகக் குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் அந்த வாடை சோப்புக்கு அடங்குகிற வாடை இல்லை. எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார், துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு குடும்பத்தோடு எந்தக் கோயிலுக்குப் போனாலும் வாசலோடு நின்றுகொள்வேன். "நீங்க உள்ள போங்க, நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்பேன். பிள்ளைகள் சின்ன வயதில் அப்பாவுக்குக் கோயிலில் அதுதான் வேலை என்றே நினைத்திருந்தார்கள்.

இந்த நிலையில்தான் புது வீடு கட்டினோம். ஆவணியில் புதுமனை புகுவிழா என்று முடிவாயிற்று. பூஜை அறைக்குத் தேக்கில் மண்டபம் செய்து வைத்திருந்தேன். என் மனைவி அதில் ஒரு பக்கம் எங்கள் குலசாமியை வைத்தாள், இன்னொரு பக்கம் அவள் அம்மா வீட்டு மாரியம்மனை வைத்தாள். நடுவில் பெரிய இடம் காலியாகக் கிடந்தது.

"நடுவுல யாரும்மே?" என்று கேட்டேன்.

"உங்க சாமி."

"எனக்கு ஏது சாமி?"

"குலசாமி பொறக்கும்போதே கூட வந்துடுது. இஷ்ட தெய்வம் நாமளாப் பாத்து எடுத்துக்கறது. வூட்ட உங்க இஷ்டத்துக்குத்தானே கட்டினீங்க? சாமியயும் உங்க இஷ்டத்துக்கே கொண்டாங்க. அது வர்ற வரைக்கும் நான் வெளக்கு ஏத்த மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். நாள் குறித்து ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு இவள் விளக்கேற்றாமல் நின்றால் என்ன ஆகும்? அதைவிட, என்னால் முடியாத காரியம் என்று ஒன்று இருப்பதா? எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆர்டர் போடும் முன் நாலைந்து இடத்தில் சாம்பிள் வாங்கிப் பார்ப்போம். அதே மாதிரி சாமிகளையும் பார்ப்பது என்று கிளம்பினேன்.

வள்ளிமலை முருகனைப் பார்த்தேன். அழகு, குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது, நான் எதற்கு என்று தோன்றியது. தெருப் பிள்ளையாரைப் பார்த்தேன். எல்லோருக்கும் பொதுவானவர், எனக்கென்று தனியாகக் கேட்டால் நியாயமில்லை. சோளிங்கர் மலைக்குப் போய் யோக நரசிம்மர் முன்னால் நின்றேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். உள்ளே ஒன்றும் வரவில்லை. என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. கீழே இறங்கி வந்ததும், செருப்பு விடுகிற இடத்தில் என்னையறியாமல் நின்றுவிட்டேன். எது நம்ம ஆம்பூர் சரக்கு, எது வெளியூர், எது தோல், எது ரப்பர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாமி மேல இருக்கு. இங்க இன்னா தேடுறீங்க?" என்றாள் என் மனைவி.

எனக்குத் தோல் தருகிற பாய் ஒருவர், நாற்பது வருஷத்துத் தோஸ்த். அவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "எங்களுக்கு அந்தப் பேஜாரே கெடையாது தோஸ்த். ஒண்ணுதான், முடிஞ்சிது. உனக்குக் கடை நெறைய சாமி இருக்குது, எடுக்கத் தெரியல."

வைகாசியில் மனைவியின் தங்கை பேத்திக்குக் காது குத்து. அதற்காகத்தான் அந்தப் பச்சையம்மன் கோயிலுக்குப் போனோம். வழக்கம்போல எல்லோரும் அம்மனைப் பார்க்க உள்ளே போனார்கள். நான் வெளியே செருப்புகளோடு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். எனக்குப் பக்கத்திலேயே, மொட்டை வெயிலில், கூரைகூட இல்லாமல், பனைமர உயரத்துக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். முறுக்கு மீசை, உருட்டின கண், கையில் வாள். முனீஸ்வரன். ஒரு கால் தரையில், இன்னொரு கால் கீழே கிடந்த அரக்கன் முதுகில். காலடியில் தோல் செருப்பு ஒரு ஜோடி காய்ந்து சுருண்டு கிடந்தது.

"இது யாருடையது?" என்று பூசாரியைக் கேட்டேன்.

"சாமியோடது முதலாளி. ஊருக்குக் காவல் இவருதான். சுத்தி வந்து சுத்தி வந்து செருப்பு தேஞ்சிடும். வேண்டிக்கினவங்க வாங்கி வெப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வாழ்நாளில் எந்தச் சாமியைப் பார்த்தும் சிரித்ததில்லை. வாசலுக்கு வெளியே நிற்கிறவர். செருப்புப் போடுகிறவர். தோல் என்றால் மூக்கைப் பொத்தாதவர். அதுவும் யாரோ கடையில் வாங்கி வைத்த மனுஷன் சைஸ் செருப்பு! அத்தனை பெரிய ஆளுக்கு அது கட்டை விரலுக்குக்கூடப் பத்தாது.

"யோவ், இவருக்குச் செருப்பு நான் தெச்சித் தர்றேன். அளவா. ஊர்ல எவனும் பாத்திருக்க மாட்டான்" என்றேன். அங்கேயே, காது குத்துக்கு வந்த சனம் முழுக்க இருக்கும்போது, நடு இடத்துக்கு இவர்தான் என்று அறிவித்தேன். அப்போது என் மனைவி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

காரிலிருந்து பழுப்புத் தாளை எடுத்து வந்து, தரையில் இருந்த வலது காலைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டேன். இடது கால்மேல் மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் குவிந்து கிடந்தது. பூசாரி, "இந்தக் கால் மாலையையும் எடுக்கறேன், இதையும் அளந்துக்குங்க" என்றார்.

"ஒரு கால் போதும்யா. நாப்பது வருஷமா கால் பாக்குறவன்கிட்ட சொல்ல வந்துட்டியா?" என்றேன். எங்கள் கம்பெனியில் அப்படித்தான். சாம்பிள் ஒரு காலுக்குத்தான் போடுவோம், மறு கால் அதைத் திருப்பிப் போட்டால் வந்துவிடும்.

பாயிடம் விஷயத்தைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். "பசு மாட்டுத் தோல் வேணாம், எருமைத் தோலா எடுத்துத் தர்றேன்" என்று அவரே தேடி, தழும்பில்லாத தோலாகக் கொடுத்தார். வெட்டினது போக மிச்சத்தையும், "கார்ல போட்டு எடுத்துக்கினு போ, எதுக்கும் இருக்கட்டும்" என்றார். என் கம்பெனியில் அந்தச் செருப்பை வெட்டும்போது மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு தொட்டில் நீளம்.

ஆடி ஞாயிறு அன்று மேளத்தோடு ஊர்வலமாகக் கொண்டு போனோம். உச்சி பூஜைக்கு முன்னால் போட வேண்டும். செருப்பு சொருகுவதற்கென்றே பாதத்துக்கு அடியில் இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். முதலில் வலது காலில் போட்டோம். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

பூசாரி இடது கால் மாலைகளை எடுத்தார். செருப்பை வைத்தோம். முனீஸ்வரனின் ஐந்து விரலும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

மேளம் தானாக நின்றது. கூட்டத்தில் ஒரு கிழவி சத்தமாக, "வெள்ளக்காரனுக்கெல்லாம் அளவாத் தெச்சாரு முதலாளி, நம்ம முனிக்குக் கம்மி பண்ணிட்டாரு!" என்றாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

பூசாரி மெதுவாகச் சொன்னார். "ஒரு மழைல இந்தக் கால் இடிஞ்சிபோச்சி முதலாளி. வேற மேஸ்திரி வந்து கட்டினாரு. கொஞ்சம் பெருசாக் கட்டிட்டாரு."

"அன்னிக்கே சொல்ல வேணாமாய்யா?"

"நீங்க எங்க சொல்ல வுட்டீங்க?"

என் காது சுட்டது. இன்னொரு நாள் தைத்து எடுத்து வரலாம் என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். சாமிக்கு ஒற்றைச் செருப்பை மாட்டிவிட்டு நான் வீட்டுக்குப் போவதா? சட்டையைக் கழற்றி மகனிடம் கொடுத்தேன். காரில் இருந்த மிச்சத் தோலையும், வார் சரிசெய்வதற்காகக் கொண்டு போயிருந்த கத்தி, ஊசி, மெழுகு நூலையும் எடுத்து வரச் சொன்னேன். சாமி காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

தரையில் உட்கார்ந்து தைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஆட்களைப் பார்ப்பதோடு சரி. பொங்கல் வைக்க வந்திருந்த சமையல்காரர், தோல் வெட்டுவதற்குக் காய் நறுக்கும் பலகையைக் கொடுத்தார். இந்த முறை இடது காலையே நேராக அளந்து, அடித்தோலை வெட்டிவிட்டேன். ஆனால் தைக்க ஆரம்பித்ததும் விரலுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஊசி தடம் மாறிப் போயிற்று.

"இப்பிடி குடுங்க" என்று ஒரு குரல். என் மனைவி பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான புதிதில் ஒற்றை அறை வாடகை வீட்டில், நான் அப்போது வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்தோல் வாங்கி வந்து கையால் தைத்துக் கொடுத்தவள் அவள். என்னைவிட அவள் தையல் நெருக்கமாக இருக்கும். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவள் ஊசி கோத்தாள், நான் தோலைப் பிடித்து நூலை இழுத்தேன். கை பழைய வேகத்துக்குத் தானாக வந்தது.

கிழவியும் எங்கள் பக்கத்தில் வந்து குந்தினாள். "நல்லா இழு சாமி, அறுந்துடப் போவுது. அவரு ஊரெல்லாம் நடக்கணும்" என்றாள். யாரோ எங்கள் வாயில் பொங்கலை ஊட்டினார்கள். மேளக்காரர்கள் சும்மா இருப்பானேன் என்று மறுபடி அடிக்க ஆரம்பித்தார்கள். உச்சி வேளை தாண்டியது. "சாமி வெய்ட் பண்ணுவாரு, அவருக்கு இன்னா அவசரம்" என்றார் பூசாரி. ஒரு தையலுக்கு ஒரு முறை காலோடு வைத்து அளவு பார்த்தேன். மெழுகு நூலை இழுக்கும்போதெல்லாம் என் தலை முனீஸ்வரனின் கால்மேல் போய் முட்டியது. அவ்வளவு நெருக்கத்தில் ஒரு சாமி பக்கத்தில் நான் இருந்ததே இல்லை. என் வேர்வையும் தோல் வாடையும் சூட வாசனையும் ஒன்றாகக் கலந்து அடித்தன. யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

செருப்பு ஏறியது. அளவாக. குலவைச் சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாம்மே?"

"கும்புடத் தெரியாது, கும்புடத் தெரியாதுன்னு சொன்னீங்களே. நெத்தியத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். சாமியின் கால் விரல்களில் பூசியிருந்த மஞ்சளும் குங்குமமும் என் நெற்றி முழுக்க அப்பியிருந்தன. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே கார் ஏறி ஆம்பூர் வந்து சேர்ந்தேன்.

ஆனால் கோயிலிலிருந்து கிளம்பும் முன் ஒரு சிக்கல் முளைத்தது. வீட்டில் வைக்க முனீஸ்வரன் படம் ஒன்று கேட்டேன். பூசாரி கையை ஆட்டிவிட்டார். "இவரு வெளிய காவல் நிக்கற ஆளு. வூட்டுக்குள்ள மாட்டக் கூடாது." திரும்பவும் நடு இடம் காலியா என்று நான் திகைத்து நிற்க, என் மனைவி அந்தக் கம்மியான இடது செருப்பை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "சாமி கால் பட்டதுதானே. இது போதும்" என்றாள்.

புகுவிழா அன்று ஹோமம் செய்ய வந்த ஐயர், மண்டபத்தின் நடுவில் செருப்பைப் பார்த்துத் தயங்கினார். "தோலாச்சேம்மா..."

"வாசல்ல மங்களமா வாசிக்கிறாங்களே, அந்தத் தவிலு இன்னா ஐயரே, தகரமா?" என்றாள் என் மனைவி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு செவ்வந்திப் பூவை எடுத்து அவரே செருப்பின்மேல் வைத்தார். என் மனைவி விளக்கேற்றினாள். விருந்துக்கு வந்திருந்த பாய் வாசலில் நின்று பார்த்து, "என் தோலுக்கு வந்த யோகத்தப் பாரு!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது தினமும் காலையில் நான்தான் பூ வைக்கிறேன். எதுவும் கேட்பதில்லை, கேட்கவும் தெரியாது. கொஞ்ச நேரம் நிற்கிறேன், சிரிப்பு வருகிறது, வேலைக்குப் போகிறேன். ஆம்பூரில் என்னைவிடப் பணக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் முனீஸ்வரனுக்கு அளவெடுத்துச் செருப்புத் தைத்தவன் நான் ஒருவன்தான், இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அன்றைக்கு இரண்டு காலும் அளவாக இருந்திருந்தால் மாலை மரியாதையை வாங்கிக்கொண்டு அப்போதே கிளம்பியிருப்பேன்; ஒரு கால் அளவு தப்பியதால்தான் அவர் காலடியில் அரை நாள் உட்கார எனக்கு இடம் கிடைத்தது.