நேற்று அந்தப் பக்கம் கிடந்த நெல்

சர்வே முடிந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூத்தாநல்லூர் போக ஒரு கிராமத்துச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன்.

அதுவரை பார்த்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சாலை விபத்துகளை ஆராய வந்த ஒரு கல்லூரிக் குழுவுக்கு, ரோட்டில் பொருள் வைக்கும் ஆள் நான். டயர், மூட்டை, கறுப்புத் தார்ப்பாய்... பொழுது சாய்ந்ததும் வைப்பேன். லைட் போட்டுக்கொண்டு கார் வரும். டிரைவர் "தெரியுது" என்று சொல்லும் இடத்தில் கோடு போடுவார்கள். தார்ப்பாய் மட்டும் கிட்டே வரும்வரை தெரியவே தெரியாது.

வழியில், இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில், ஒரு பெண் பாதி ரோட்டில் நெல்லைக் குவித்து, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் கருங்கல் வைத்துக்கொண்டிருந்தார். பெயர் பூங்கொடி. குத்தகை நிலம். ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பிவிட்டார்களாம். மழை வருவதற்குள் காயவைத்தாக வேண்டும். வயற்காட்டில் கெட்டியாக, சூடாக இருக்கும் ஒரே தரை ரோடுதானே?

"இது வண்டிக்காரங்க கண்ணுக்குத் தெரியாதுங்க. இதையே வேலையா பார்த்துட்டு வர்றேன்" என்றேன்.

"ரோட்டுல தார்ப்பாய் போடுறதுக்குச் சம்பளமா? எங்களுக்கு யாரும் குடுக்கலியேண்ணே."

"மேல ஒரு வெள்ளைச் சாக்காவது போடுங்க."

"வெளியூர் வண்டி இங்க எதுக்குண்ணே வரப்போவுது? எங்க ஆளுங்களுக்கு நெல்லு கிடக்குற இடம் கண்ணை மூடினாலும் தெரியும். அந்த முனையப் புடிங்க."

பிடித்தேன். தூரத்தில் ஒரு பைக் சத்தம்.

"எங்க கொழுந்தன் செல்வம். சத்தத்துலயே தெரியும்" என்றார்.

நேராக வந்திருந்தால் போதும் — மீதிப் பாதி காலியாகத்தான் இருந்தது. செல்வமோ நிதானமாக ஒதுங்கி, நெல் கிடந்த பக்கமே வந்தார். கல்லில் ஏறிய வண்டி தார்ப்பாயை இழுத்துக்கொண்டு போய் விழுந்தது. ஹெல்மெட் பைக்கின் பக்கக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

செல்வத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பூங்கொடி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். "நேத்து அந்தப் பக்கம் கிடந்துச்சுண்ணே... மர நிழல் விழுதுன்னு நான்தான் இன்னைக்கு இந்தப் பக்கம் மாத்துனேன்..."

எங்கள் சர்வேயில் டிரைவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். கண்ணை விரித்துப் பார்த்து ஓட்டினார்கள். பழகிய ரோட்டில் யார் பார்த்து ஓட்டுகிறார்கள்? நேற்று இருந்த ரோட்டில்தானே இன்றும் போகிறோம் — நீங்களும் நானும்?

ஆம்புலன்ஸில் பூங்கொடி ஏறிப் போனார். சிதறியதை ஒதுக்கி மூடி, மேலே ஒரு வெள்ளைச் சாக்கை விரித்துவிட்டு, காவலுக்கு இருந்தேன். விடியும்வரை ஒரு வண்டியும் வரவில்லை.

காலையில் பூங்கொடியின் கணவர் வந்தார்.

"தம்பி போயிட்டான்" என்றார். நெல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "நாங்க யாரும் இங்க நிக்க முடியாது. நீங்க இருந்து கிளறி விடுறீங்களா? மழை வந்தா இதுவும் போயிடும்."

"சரிங்க" என்றேன்.

முதல் வேலை, ரத்தம் பட்ட நெல்லைத் தனியாக அள்ளியது. ஒரு முறம்கூட நிறையவில்லை.