மூன்றாம் இலக்க ரவைக்கூடு

ஒஸ்லோவில் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர்: நானும், பியோர்ண்டால் பகுதியிலிருந்து வரும் அவளும். எனக்குப் பிறகு சேர்ந்தவள். இருவரிடமும் ஒரே வகைக் கைத்துப்பாக்கி. என்னுடையது சுடும்போது அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அவளுடையது ஒருநாளும் சிக்கியதில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

தோட்டாக்கள் அடைத்துத் துப்பாக்கியில் மாட்டும் அவளுடைய ரவைக்கூடுகளின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் இலக்கம் எழுதியிருக்கும். ஒருநாள் கிளப்பின் பழைய சாமான் பெட்டியில் மூன்றாம் இலக்கம் கிடந்தது. மறந்துபோய் விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே என் பைக்குள் போட்டேன்.

போட்டியன்று அதைத்தான் மாட்டினேன். இரண்டாவது சூட்டிலேயே சிக்கியது. கழற்றியபோது பக்கத்தில் நின்ற அவள் கூட்டின் அடியைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இது நான் கழிச்சுவிட்டதெல்லோ? எந்தக் கூடு சிக்குதெண்டு பிடிக்கத்தான் நம்பர் போடுறனான். சிக்கினா எறிஞ்சுபோடுவன். என்னட்டைக் கேட்டிருந்தா நல்லதொண்டு தந்திருப்பனே."

சொல்லிவிட்டுத் தன் நான்காம் இலக்கத்தை என் கையில் வைத்தாள். மிச்சச் சூடுகளில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. அன்றுதான் எனக்கு வயிறு அதிகமாக எரிந்தது.