கழுத்து வெள்ளையா, கறுப்பா

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், மாசி பிறந்ததிலிருந்தே அம்மாவால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பால் இருக்கும், அவள் மொட்டை மாடியில் இருப்பாள். துணி காயப்போடப் போனவள் ஈரச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்பாள். சேலை அவள் தோளிலேயே பாதி காய்ந்துவிடும். "உங்கம்மாவுக்கு மேல ஏதோ ஆபீஸ் இருக்கு" என்பார் அப்பா. அவர் கிரில் பட்டறை வைத்திருந்தார். நாளெல்லாம் குனிந்தே வேலை பார்க்கிறவர். நிமிர்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்பது அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் விலங்கியல் படித்தவள். படித்ததில் மிச்சமிருந்தது ஒரு சான்றிதழும், கரப்பான்பூச்சியைக் கண்டு பயப்படாத குணமும்தான் என்று மாடியில் குடியிருந்த பெரியம்மா சொல்வாள். சிங்கப்பூரில் இருந்த மாமா அந்த வருஷம் எனக்கென்று ஒரு பழைய பைனாகுலர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைத் திருப்பிப் பிடித்து என் காலைச் சின்னதாக்கிப் பார்த்து இரண்டு நாள் விளையாடிவிட்டு விட்டுவிட்டேன். அம்மா எடுத்துக்கொண்டாள். அதில் இடப்பக்கக் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்திருந்ததால் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அவள் அப்படியே பழகிக்கொண்டாள்.

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கால்மணி நேர நடையில் ஒரு கண்மாய் இருந்தது. அந்த ஐப்பசியில் நல்ல மழை பெய்து நிறைந்திருந்த தண்ணீர், பங்குனியில் உள்வாங்கி நடுவில் ஒரு பெரிய குட்டையாகச் சுருங்கிவிட்டது. மீனெல்லாம் அந்தக் குட்டைக்குள் நெரிபட, பறவைகளும் அங்கேதான் கூடின. அம்மா பார்த்த பறவை வகைகளை ஒரு பழைய கோடு போட்ட நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். வீட்டிலிருந்து நடந்துபோய் வரக்கூடிய தூரத்தில் பார்த்தவை மட்டும்தான் கணக்கு. பங்குனி பாதிக்குள் எண்பதைத் தாண்டிவிட்டது. ஏழு கடல் தாண்டிப் பார்க்க வேண்டியவை எல்லாம் பட்டறை ரோட்டுக்குப் பின்னாலேயே இருப்பதில் அவளுக்கு ஒரு பதற்றமான சந்தோஷம்.

"எல்லாம் வடக்க கிளம்புற நேரம்டி. இன்னைக்குப் பாக்கலன்னா இனி அடுத்த மழைக்குத்தான்" என்று சொல்லி விடிவதற்கு முன்பே என்னை எழுப்புவாள். தனியாகப் போனால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும் என்று அப்பா சொல்லியிருந்ததால் நான் துணை. ரோஸ் கலர் கவுன் கூடாது, பாசி நிறத்தில் ஒரு பழைய சுடிதார்தான். செருப்பைத் தேய்த்து நடக்கக் கூடாது. பேசக் கூடாது. எனக்கோ நிற்கச் சொன்னால் உள்ளங்கால் அரிக்கும். சீமைக்கருவேல நிழலில் இந்தக் காலையும் அந்தக் காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிற்பேன். "செத்த நேரம் சும்மா நில்லேன்" என்று முணுமுணுப்பாள் அம்மா. அவளும் சும்மா நிற்பதில்லை. ஒரு உள்ளான் குருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஏதோ கத்தினால் திரும்புவாள், அதற்குள் இது பறந்துவிட்டதே என்று மறுபடி இந்தப் பக்கம் திரும்புவாள். எங்கள் இருவரையும் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அப்படி நினைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரைக்கு எதிர்வீட்டில் இருந்த ஒருத்தி என் வகுப்பில் படித்தாள். ஒரு திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"நீயும் உங்கம்மாவும் விடிகாலைல வாட்டர் பாட்டிலோட கம்மாய்க்குப் போறீங்கள்ல, உங்க வீட்ல பாத்ரூம் இல்லையா?"

கண்மாய்க் கரைக்கு அந்த நேரத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் எதற்காகப் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இருந்தன. அதைச் சொன்னேன். அப்புறம் எதற்குப் போகிறீர்கள் என்றாள். குருவி பார்க்க என்றேன். கேட்ட ஏழெட்டுப் பேரும் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "குருவி பாக்கப் போறேன்" என்பது அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் வாசகமாயிற்று. டீச்சருக்கு மட்டும் அர்த்தம் தெரியவில்லை. யாராவது ஒருவர் விரலைத் தூக்கி அதைச் சொல்வார்கள், மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிற்றுவலி என்றேன், ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போனாள். படிக்கணும் என்றேன், புத்தகத்தை எடுத்துக்கொள் என்றாள். இந்தப் பறவைகளெல்லாம் சீக்கிரம் கிளம்பித் தொலையாதா என்று தினமும் வேண்டிக்கொண்டேன். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததில் எனக்கு ஆறுதலும் அம்மாவுக்குத் தவிப்புமாக இருந்தது.

அப்போதுதான் அது வந்தது. ஒரு வியாழக்கிழமை. குட்டையின் தென்கரையில் நத்தைகுத்தி நாரைகள் நின்றிருந்த கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, அவற்றைவிட உயரமாக ஒன்று தனியாக நின்றது. அம்மாவின் கை என் தோளை அழுத்தியது. அவள் பைனாகுலரை என்னிடம் கொடுத்தாள். அதற்கு முன் அவள் அதைத் தானாக என்னிடம் கொடுத்ததே இல்லை. நானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். தலை, கழுத்து, முதுகு எல்லாம் கறுப்பு. வெயில் பட்ட இடத்தில் பச்சையும் ஊதாவுமாக மினுங்கியது. வயிறு மட்டும் வெள்ளை. அலகும் காலும் குங்குமச் சிவப்பு. அது ஒரு அடி எடுத்து வைத்தது, நின்றது, எங்கள் பக்கம் பார்த்தது. அன்றைக்கு என் உள்ளங்கால் அரிக்கவில்லை.

"கழுத்து என்ன கலர்டி?" என்று காதுக்குள் கேட்டாள் அம்மா.

"கறுப்பு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"கறுப்புத்தான்மா."

போனில் படம் எடுத்தாள். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு புள்ளிதான் தெரிந்தது. பக்கத்து ஏர்போர்ட்டுக்கு ஒரு விமானம் தாழ்வாக இறங்கியது, நாரைகள் மொத்தமும் கலைந்தன, அதுவும் எழுந்து தெற்கே போய்விட்டது. வீட்டுக்கு வரும்போது அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். வந்ததும் பறவைப் புத்தகத்தைப் புரட்டி, "கருநாரைடி" என்றாள். அன்று சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

மதுரையில் பறவை பார்க்கிறவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு கண்மாயாகப் போவார்கள். அம்மாவும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் இருந்தாள். மற்றவர்கள் போடும் படங்களைப் பார்ப்பதோடு சரி. கூட்டத்துக்குத் தலைமை ஒரு பல் டாக்டர். என் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமரா வைத்திருந்தார். எங்கே யார் எதைப் பார்த்தாலும் சரிபார்த்துப் பட்டியலில் சேர்ப்பவர் அவர்தான். அம்மா முதல்தடவையாக அந்தக் குழுவில் மூன்று வரி எழுதினாள். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அனுப்புவதற்குள் பாதி மதியம் போய்விட்டது. அரைமணி நேரத்தில் டாக்டரிடமிருந்து பதில் வந்தது. அவருக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உங்கள் கண்மாய்க்கே வருகிறோம் என்று.

உங்கள் கண்மாய் என்று அவர் எழுதியதை அம்மா அப்பாவிடம் காட்டினாள். "பட்டா வாங்கிட்டியா?" என்றார் அப்பா. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் அவரே போய்ப் பட்டாணி வாங்கிவந்தார். ஞாயிறு காலை பன்னிரண்டு பேருக்குச் சுண்டலும், இரண்டு பிளாஸ்க் நிறைய டீயும் தயாராயின. அம்மா இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டாள். நான் ரோஸ் கவுன் கேட்டேன், அன்றைக்கும் கிடைக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். பச்சைத் தொப்பிகளும், கேமரா வைக்கும் முக்காலிகளும், பெரிய பெரிய பைனாகுலர்களுமாகக் கரையில் வரிசையாக நின்றார்கள். ஏழு மணி, எட்டு மணி. நத்தைகுத்தி இருந்தது, செந்நாரை இருந்தது, மினுங்கும் கறுப்பு மட்டும் இல்லை. அம்மா கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "இங்கனதான் சார் நின்னுச்சு, இந்தா, இந்த மடைக்கு நேரா" என்று நாலைந்து தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் இறங்கியது.

ஒருவர் அம்மாவின் பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் ஒண்ணுமே தெரியலியேம்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஒரு அம்மாள், தானும் ஆரம்பத்தில் இப்படித்தான் ஏதேதோ பார்த்ததாகச் சொல்லி அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள். சுண்டல் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

டாக்டர் நல்ல மனிதர். "தப்பா எடுத்துக்காதீங்க. வெண்கழுத்து நாரைன்னு ஒண்ணு இருக்கு. ஒடம்பு இதே மாதிரிதான், கறுப்பு. கழுத்து மட்டும் பஞ்சு வச்ச மாதிரி வெள்ளையா இருக்கும். அது இந்தப் பக்கம் வரும். தூரத்துல யாருக்குமே தடுமாறும்" என்றார்.

"இல்ல சார். கழுத்து கறுப்பு. இவளும் பாத்தா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் என் உயரத்துக்குக் குனிந்தார். "கருநாரைதான்னா நாளையிலருந்து ஒரு வாரத்துக்கு யாராச்சும் தினம் வந்து தேடணும் பாப்பா. நீ சொல்லு. கழுத்து வெள்ளையா, கறுப்பா?"

அவருடைய தோளுக்கு மேலாக எனக்கு எதிர்வீடு தெரிந்தது. வாசலில் என் வகுப்புக்காரி பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்று, இத்தனை பேர் எதற்குக் கண்மாய்க்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தினம் ஒரு ஆள், அவரோடு அம்மா, அம்மாவோடு நான். ஒரு வாரம்.

"வெள்ளை" என்றேன்.

குட்டையில் ஏதோ ஒரு ஆள்காட்டிக் குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகவா என்றால் இல்லை. என் முகத்தை, அன்றைக்கு அந்தப் பறவையைப் பார்த்த மாதிரி, ஒரு கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "அப்ப நாந்தான் சரியாப் பாக்கல போல சார். சின்னப் பிள்ளைக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றாள். எல்லோருக்கும் இன்னொரு சுற்று டீ ஊற்றினாள். ஒருவர் சட்டையில் கொஞ்சம் சிந்தியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது, கேட்டால் என்ன சொல்வது என்று நாலைந்து பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். வெயில் கூசியது என்று சொல்லலாம். மறந்துவிட்டது என்று சொல்லலாம். அவள் கேட்டது ஒன்றுதான்.

"காலு வலிக்குதா?"

"இல்லம்மா."

மறுநாள் அவள் என்னை எழுப்பவில்லை. அவள் கிளம்பும் சத்தம் கேட்டது. கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டு தனியாகப் போனாள். ஊர் ஒரு மாதிரி பார்க்கும் என்ற அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. நான் வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் படுத்திருக்க முடியவில்லை. போர்வையை உதறிவிட்டு எழுந்து மாடிக்குப் போனேன், அங்கேயும் நிற்க முடியாமல் இறங்கி வந்தேன். தண்ணீர் குடித்தேன். பட்டறை ரோட்டில் ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு பல நாள் இப்படித்தான். அவள் திரும்பி வந்து என்ன பார்த்தாள் என்று சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். டாக்டரின் குழுவில் அவள் அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டபின் ஒருநாள் டாக்டர் போன் செய்தார். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். நான் பக்கத்தில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் பங்குனியிலேயே யாரோ கருநாரையைப் படம் எடுத்திருக்கிறார்களாம், இப்போதுதான் காட்டினார்களாம். படம் தெளிவாக இருக்கிறதாம். "நீங்க பாத்ததும் அதுவாத்தாம்மா இருக்கணும். தேதியும் ஒத்து வருது. உங்களதுதான் முதல்ல. உங்க பேர்ல சேத்துடலாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார்.

என் பென்சில் நின்றுவிட்டது. அம்மா என் பக்கம் பார்க்கவில்லை. ஒரு காம்பை எடுத்து நிதானமாக இலைகளை உருவினாள்.

"இல்ல சார், வேணாம். எம் பொண்ணு பக்கத்துல நின்னு பாத்தா. வெள்ளைன்னுதான சொன்னா. நான் பாத்தது வேற எதுவாவது இருக்கும்."

"நல்லா யோசிச்சுக்கங்கம்மா."

"இருக்கட்டும் சார்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அத்தனை பெரிய டாக்டர் சொல்லியும், படமே வந்தும், அம்மா என் பேச்சைத்தான் நம்புகிறாள் என்று நினைத்தேன். நான் எவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தவழ்ந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கீரை ஆய்வதற்கு ஒரு கை கொடுத்தேன்.