செயின் இல்லாத வண்டி

என் மனைவியின் தங்கை பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில், ஓர் இத்தாலி மோட்டார் சைக்கிளில் ஆரணிக்கு வந்து இறங்கினாள். அதன் இன்ஜின் இரண்டு பக்கமும் புடைத்த தோள்களைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

"அதோட குணமே அதான் மாமா" என்றாள்.

தெருவே மைலேஜ் கேட்டது. பட்டுப்புடவையில் இருந்த என் மனைவி மட்டும் பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து, "செயின் எங்கடி?" என்றாள்.

செயினே கிடையாது. மூடிய குழாய்க்குள் ஒரு தண்டு சுழன்று சக்கரத்தை ஓட்டுகிறது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் கறுப்பு ஒட்டவில்லை.

கல்யாணமான புதிதில், அவள் தானே நெய்து கட்டிய முகூர்த்தப் புடவையில் என் வண்டிச் செயின் கறுப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டது. அன்றிலிருந்து பட்டு கட்டினால் அவளுக்கு டவுன் பஸ்தான். பதினெட்டு வருஷமாக நான் முன்னால் போய் சர்ச் வாசலில் காத்திருக்கிறேன்.

அன்று அவள் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தங்கையின் பின்னால் ஏறினாள். "பாத்துகினு போடி" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் சர்ச்சுக்குப் போகவில்லை. பழைய துணியும் கொஞ்சம் டீசலும் எடுத்துக்கொண்டு என் வண்டிச் செயினின் கறுப்பைத் துடைக்க உட்கார்ந்தேன்.