ஜெர்மன் வத்தல்

1. பெட்டி

மறியல் நடந்த வாரத்தில்தான் நான் ஒரு வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தின் நகையை வேகவைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டேன். சமையல் வேலைக்குப் புதுசா வரும் பெண்கள் என்னிடம் அளவு கேட்கிறார்கள், பக்குவம் கேட்கிறார்கள். அதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். இது அப்படி வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம், பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். அங்கே நான் சமையல்காரி. படிப்பு அஞ்சாவது. ஊர் அடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாராவது வந்தால் அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அண்டா இல்லாத இடத்துக்கு நான் போவதில்லை.

டீச்சர் திருக்கோவிலூர்க்காரர். அவங்க அக்கா ஜெர்மனியில் நர்ஸ். அக்கா பையன் படிக்கிற வகுப்பும் எங்கள் நாலாம் வகுப்பும் ஒருத்தருக்கொருத்தர் கடுதாசி எழுதிக்கொள்ள டீச்சர் ஏற்பாடு செய்தார். இரண்டு பக்கத்துக்கும் பாஷை மாற்றிக் கொடுப்பது அக்கா. "அவங்க எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சிக்கினாதான் நாம எப்படி இருக்கோம்னு புரியும்" என்பார் டீச்சர். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். அந்த ஊரில் நான் உரிக்க வெங்காயம் ஒன்றுமில்லை, நமக்கெதுக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெர்மனியிலிருந்து பெட்டி வந்தது. டீச்சர் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். பூட்டு இருப்பது சாமான் ரூமுக்கு மட்டும்தான் என்று, துவரம்பருப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"திங்கக்கெழம வந்து எடுத்துக்கறேம்மா. அண்ணன் வூட்டுக்குப் போய் கேமரா வாங்கியாரேன்."

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

2. பக்குவம்

டீச்சர் போன மறுநாள் மறியல் தொடங்கியது. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியல். கீழே ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. எங்க வூட்டுக்காரரும் கோடாலியோடு அங்கேதான் இருந்தார். அரிசி லாரி மரத்துக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

பட்டினி என்று சொன்னால் பொய். அரிசி தீர்ந்ததும் மலைக்காரங்க சாமை கொடுத்தாங்க. கஞ்சி காய்ச்சினேன். தொட்டுக்கத்தான் ஒன்றுமில்லை. பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. ஆனால் வெறுங்கஞ்சி ஊற்றுகிறோமே என்று எனக்குத்தான் கௌரவம் இடித்தது.

பெட்டியைத் திறந்தேன். சின்னச் சின்னக் குழாய்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா. நூலில் வரிசையாகக் கோர்த்திருந்தது. சந்தையில் விற்கிற கலர் வத்தல் அச்சு அசல். நாமும் மிளகாயை நூலில் கோர்த்துக் காயப் போடுவோமே! ஜெர்மனியிலும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். பருப்புக்குப் பக்கத்தில் வேறு இருந்ததா, சந்தேகமே வரவில்லை.

கொஞ்சம் எண்ணெயில் போட்டேன். பொரியவில்லை. கல்லாகிவிட்டது. குளிர் தேசத்து வெயில் போதாமல் சரியாகக் காயவில்லை என்று அந்த ஊர் சூரியனைத் திட்டினேன். அப்புறம் நூலையெல்லாம் உருவிவிட்டு வேகவைத்தேன். தண்ணீர் பல நிறமாய் ஓடியது. வெந்து புசுபுசு என்று வந்தது. மிளகாய் கிள்ளித் தாளித்து ஆளுக்கு அரைக் கரண்டி வைத்தேன்.

நாலாம் வகுப்புக் காளியம்மா தட்டை முகர்ந்தாள். அவளுக்கு வாய் அதிகம்.

"இது இன்னா சமையக்காரம்மா?"

"ஜெர்மன் வத்தல். பேசாம தின்னு."

தின்றார்கள். யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. மிச்சமான நூலில் ஒன்றை எடுத்து நான் தலைமுடியைக் கட்டிக்கொண்டேன்.

3. எலி

மறியல் முடிந்து டீச்சர் கேமராவோடு வந்தார். என் கொண்டையைப் பார்த்தார். நேராகச் சாமான் ரூமுக்குப் போனார். திரும்பி வந்து அடுப்பங்கரைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது நகைம்மா. அவங்க ஊர்ல வேகவெச்சித் தின்ற மக்ரோனிக்கு அந்தப் புள்ளைங்க கலர் அடிச்சி, நம்ம புள்ளைங்களுக்குன்னு கோத்த மாலை. போட்டுக்கினு போட்டோ அனுப்புங்க, எங்க விழாவுல மாட்டறோம்னு எழுதியிருக்காங்க. இப்ப நான் இன்னாத்த அனுப்பறது? மதிக்கலன்னு நெனச்சி எழுதறதையே வுட்டுடுவாங்க."

நான் அண்டாவுக்குப் பின்னால் போனேன். வெட்கத்தோடு ஒரு நினைப்பும் ஓடியது: சாப்பிடுகிற சாமானைக் கழுத்தில் மாட்டுவார்களாமே, என்ன ஜனம் இது!

டீச்சருக்கு இளகின மனசு. வகுப்பில் போய், "எலி தின்னுடுச்சின்னு எழுதுங்க" என்றார். கதவோரம் நின்று கேட்ட எனக்கு உசிரு வந்தது. பாவம் எலி, மறுத்துப் பேசாது.

காளியம்மா எழுந்தாள். "டீச்சர், நூல உருவி வெச்சிட்டா எலி தின்னும்?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. டீச்சர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். ஒளிய அங்கே அண்டா இல்லை. வாயைத் திறந்தேன்.

"எலியெல்லாம் வேணாங்க டீச்சர். சமையக்காரம்மா வத்தல்னு நெனச்சி ஆக்கிப் போட்டுட்டாங்கன்னே எழுதச் சொல்லுங்க. நல்லா இருந்துச்சின்னும் எழுதட்டும். உப்பு மட்டும் கம்மி."

போட்டோவும் எடுத்தோம். பிள்ளைகள் வெறும் நூலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். நல்ல நாள் மாதிரி இருக்கட்டும் என்று, அப்போதுதான் வந்திருந்த அரிசியில் மாவு இடித்து முன்னால் பெரிய கோலமாகப் போட்டேன். போட்டோவில் என் கரண்டி மட்டும் விழுந்தது.

வூட்டுக்காரர் ஊரில் கேட்டார். "புள்ளைங்களுக்கு இன்னாதான் போட்ட?"

"உங்க மரத்துக்கு இந்தாண்ட இன்னா இருந்துச்சோ அத்த."

4. பதில்

பதில் வரவே இல்லை. கடுதாசி வந்ததா என்று டீச்சர் கேட்பதை நிறுத்திவிட்டார். தபால்காரர் வந்தால் நான் வெளியே எட்டிப் பார்ப்பதை நிறுத்தினேன். மழைக்காலம் போன பிறகு கடுதாசி வந்தது. உள்ளே ஒரு போட்டோ. அந்தப் பிள்ளைகள் கழுத்தில் வெறும் நூல், கையில் தட்டு. தங்கள் மாலையைத் தாங்களும் வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் தாளிக்கவில்லை என்று தெரிந்தது. அதன் கீழே அக்கா தமிழில் எழுதியிருந்தார்: "ருசியே இல்லை. சமையல்காரம்மா என்ன போட்டாங்க? இன்னொரு கேள்வி. அரிசி வரவில்லை என்று எழுதினீர்களே, தரையில் ஏன் அரிசி மாவைக் கொட்டியிருக்கிறீர்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. இத்தனை மாதமாக, சாப்பாட்டைக் கழுத்தில் மாட்டுகிறார்கள் என்று நான் அல்லவா அவர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்?

"எறும்பு தின்னும்னு எழுதுடி" என்றேன் காளியம்மாவிடம். "மொளகாய் தாளிக்கச் சொல்லியும் எழுது."

அடுத்த பெட்டி என் பேருக்கே வந்தது. உள்ளே மூன்று பொட்டலம். அக்கா கையெழுத்தில் தமிழில் சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்றில் "சாப்பிட". ஒன்றில் "கழுத்துக்கு". மூன்றாவது சின்னது, உள்ளே ரொட்டித் தூள். அதில் "எறும்புக்கு".

அதை அன்றைக்கு வாசலில் போட்ட கோலத்து ஓரமாகத் தூவிவிட்டு வந்தேன். புதுசா வேலைக்கு வரும் பெண்களே, தெரியாத சாமான் கைக்கு வந்தால் வாயைத் திறந்து கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டால் வேகவைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.